கடன் வாங்கிக் கழித்தலை யாரும் அந்தப் பெயரில் தேடுவதில்லை

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு பப்ளிக் ஸ்கூலில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்புக்காகச் செய்த ஒர்க்ஷீட், விளையாட்டு அட்டைகளைச் சென்ற ஆகஸ்ட் கடைசியிலிருந்து டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ் தளத்தில் விற்பனைக்கு ஏற்றி வருகிறேன். இதுவரை 37 ப்ராடக்ட் போட்டாயிற்று. ஆறு மாதத்தில் விற்றது 11 தான். அதிகம் பாடுபட்டுச் செய்த கழித்தல் தொகுப்பைத் தேடினால் பத்துப் பக்கம் தள்ளியும் காணோம். வாங்கிய சிலர் நன்றாக இருக்கிறது என்றே எழுதியிருக்கிறார்கள். விளம்பரத்துக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் கணவர். தேடலில் மேலே வர நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய லிங்கைத் திறந்து ஒரு மாலை முழுக்க உங்கள் ஸ்டோரைப் பார்த்தேன். சரக்கில் குறையே இல்லை. கழித்தல் தொகுப்பின் மூன்றாம் பக்கத்தில் 52லிருந்து 27ஐக் கழிக்க, ஒரு பத்துக் கட்டையைப் பிரித்து ஒற்றைகளாக்கிக் காட்டியிருக்கிறீர்களே, அதைப் பார்த்தால் குழந்தைகளோடு உட்கார்ந்து பழகியவர் செய்த வேலை என்று உடனே தெரிகிறது. இது விற்க வேண்டிய பொருள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். விளம்பரம் இப்போது வேண்டாம். பலகையில் பெயர் சரியில்லாத கடைக்கு ஆள் கூட்டி வந்தாலும், வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவார்.

உங்கள் தலைப்பு இப்படி இருக்கிறது: ‘சஃபாரி ஃபன்! லெட்ஸ் பாரோ அண்ட் சப்ட்ராக்ட்!’ நம் ஊரில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று படித்துவிட்டு வந்தவர்களுக்கு ‘பாரோ’ என்ற சொல்தான் இயல்பாக வரும். அமெரிக்காவிலும் ஒரு தலைமுறைக்கு முன்னால் ‘பாரோயிங்’ என்றுதான் சொன்னார்கள். பெற்றோர் பலர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இன்று வகுப்பறையிலும் பாடப்புத்தகத்திலும் புழங்கும் சொல் ‘ரீகுரூப்பிங்’. நீங்களும் வகுப்பில் அதைத்தான் சொல்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு, மறுநாள் பாடத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடும் ஆசிரியை ‘டூ டிஜிட் சப்ட்ராக்ஷன் வித் ரீகுரூப்பிங்’ என்று அடிக்கிறார். உங்கள் தலைப்பில் ‘ரீகுரூப்பிங்’ இல்லை. விவரிப்பில் தேடினேன், அங்கேயும் இல்லை. ‘டூ டிஜிட்’ இல்லை, ‘செகண்ட் கிரேட்’ இல்லை. இருப்பதெல்லாம் சஃபாரியும் ஃபன்னும். அவர் கேட்டது உங்களிடம் இருக்கிறது என்று தளத்துக்குத் தெரிய வழியே இல்லை.

தேடலில் யாரை முன்னால் நிறுத்துவது என்ற கணக்கைத் தளம் முழுசாக வெளியே சொல்வதில்லை. ஆனால் எந்த ஆன்லைன் சந்தையிலும் அடிப்படை ஒன்றுதான். தேடிய சொல் லிஸ்டிங்கில், அதாவது உங்கள் ப்ராடக்டின் தலைப்பும் விவரிப்பும் உள்ள பக்கத்தில், இருக்க வேண்டும். பட்டியலில் பார்த்தவர்கள் அதைக் கிளிக் செய்து வாங்கவும் வேண்டும். முதலாவது முழுக்க உங்கள் கையில். இரண்டாவது பாதி உங்கள் கையில், மீதி காலத்தின் கையில். பால் எடெல்மன் என்ற நியூயார்க் நகரப் பள்ளி ஆசிரியர் 2006இல் தொடங்கிய தளம் இது. 2023இல் ஐஎக்ஸ்எல் லேர்னிங் நிறுவனம் வாங்கியது. பத்துப் பதினைந்து வருடமாக விற்று, ஆயிரக்கணக்கில் மதிப்புரை சேர்த்தவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ‘சப்ட்ராக்ஷன் ஒர்க்ஷீட்ஸ்’ என்ற பொதுச் சொல்லில் அவர்களோடு மோதிப் பயனில்லை. ‘டூ டிஜிட் சப்ட்ராக்ஷன் வித் ரீகுரூப்பிங் பேஸ் டென் பிளாக்ஸ்’ என்று குறுகலாகப் போனால் கூட்டம் குறையும். அப்படித் தேடுகிறவர் எண்ணிக்கையும் குறைவுதான். ஆனால் என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். உங்கள் தொகுப்பிலோ பேஸ் டென் படம், அதாவது பத்துக் கட்டையும் ஒற்றைகளும், பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

சரி, எந்தச் சொல்லைத் தேடுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் அக்கவுண்டிலிருந்து வெளியே வந்து, பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து, தளத்தின் தேடல் பெட்டியில் ‘சப்ட்ராக்ஷன்’ என்று மட்டும் அடித்து நிறுத்துங்கள். என்டர் தட்ட வேண்டாம். கீழே வந்து விழும் வரிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ‘சப்ட்ராக்ஷன் வித்’, ‘டூ டிஜிட் சப்’, ‘செகண்ட் கிரேட் சப்’ என்று ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். அந்த வரிகள் மற்ற ஆசிரியர்களின் தேடலை ஒட்டி வருபவை. அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் நிறைந்துவிடும். அதில் உங்கள் தொகுப்புக்கு உண்மையிலேயே பொருந்துவதை மட்டும் அடிக்கோடிடுங்கள். பொருந்தாத சொல்லைப் போட்டு ஆளை வரவழைத்தால் வந்த வேகத்தில் போய்விடுவார்கள். அது உங்களுக்குத்தான் கெடுதல்.

இதே சொற்களைப் பள்ளியில் சக ஆசிரியர்களிடமும் கேளுங்கள். “நாளைக்கு இது வேண்டும் என்றால் என்ன என்று அடிப்பீர்கள்?” என்று கேட்டால் போதும். காசு கொடுத்து வாங்கும் கீவேர்ட் கருவிகளைவிட இது எனக்குப் பல முறை உதவியிருக்கிறது.

தலைப்புக்குத் தளம் தரும் இடம் 80 எழுத்து. ஆச்சரியக்குறிக்கும் அடைமொழிக்கும் அதில் இடமில்லை. நான் எழுதினால் ‘டூ டிஜிட் சப்ட்ராக்ஷன் வித் ரீகுரூப்பிங் ஒர்க்ஷீட்ஸ் செகண்ட் கிரேட் மேத் சஃபாரி’ என்று வைப்பேன். ‘டூ’, ‘செகண்ட்’ இரண்டையும் எண்ணாலேயே போட்டால் ஆங்கிலத்தில் 68 எழுத்துக்குள் அடங்கும். சஃபாரியை விட உங்களுக்கு மனசு வராது என்று தெரியும், அதனால் கடைசியில் வைத்திருக்கிறேன். கைப்பேசியில் நீளமான தலைப்பின் பின்பகுதி மறைந்துபோகலாம். அதனால் முக்கியமான சொல் முதலில் வரட்டும்.

விவரிப்பின் முதல் பத்தியை இப்போது “ஹாய் டீச்சர் ஃபிரெண்ட்ஸ், எனக்கு விலங்குகள் என்றால் உயிர்” என்று தொடங்கியிருக்கிறீர்கள். அன்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் கீழே இறக்குங்கள். முதல் இரண்டு வரியில் என்ன பயிற்சி, எந்த வகுப்பு, எத்தனை பக்கம், விடைத்தாள் உண்டா என்பது வந்துவிட வேண்டும். கூகுளில் உங்கள் பக்கம் வரும்போது தலைப்புக்குக் கீழே பெரும்பாலும் தெரிவது இந்த வரிகள்தான். ‘பாரோயிங்’ என்ற சொல்லையும் தூக்கி எறிய வேண்டாம். “சில பெற்றோர் பாரோயிங் என்று சொல்லும் முறை” என்று விவரிப்பின் நடுவில் ஒரு வாக்கியமாக வைத்தால், வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்களுக்கும் நீங்கள் கிடைப்பீர்கள். ஒரே சொல்லைப் பத்துத் தடவை திணிக்க மட்டும் கூடாது. படிக்கிறவருக்குச் சலிப்பு வரும், நம்பிக்கையும் போகும்.

வகுப்பு என்ற இடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை எல்லாவற்றையும் டிக் செய்திருக்கிறீர்கள். வலையை அகலமாக வீசினால் மீன் அதிகம் விழும் என்ற எண்ணம்தானே? நான்காம் வகுப்பு ஆசிரியை திறந்து பார்த்து, இது சின்னப் பிள்ளைகளுக்கு என்று மூடிவிடுவார். இரண்டாம் வகுப்பு, வேண்டுமானால் பின்தங்கிய பிள்ளைகளுக்காக மூன்றாம் வகுப்பு. அதோடு நிறுத்துங்கள். ஸ்டாண்டர்ட் எண்ணையும், அதாவது பாடத் தரத்தின் எண்ணையும், போடவில்லை. பல மாநிலங்களுக்குப் பொதுவான பாடத் தரமான காமன் கோரில் நூறுக்குள் கூட்டல் கழித்தலுக்கு 2.என்பிடி.பி.5 என்று இருக்கிறது. பாடத்திட்டம் எழுதும்போது பல ஆசிரியர்கள் அந்த எண்ணை வைத்தே தேடுவார்கள். ஆனால் டெக்சாஸ் காமன் கோரை ஏற்கவே இல்லை; அங்கே டீக்ஸ் என்ற தனித் தரம். வர்ஜீனியாவுக்கும் தனி. அவ்வளவு பெரிய மாநிலத்தை விட்டுவிட வேண்டாம். டெக்சாஸ் தரத்தை ஒருமுறை உட்கார்ந்து படித்து, பொருந்துகிற எண்ணையும் சேருங்கள்.

இனி கவர் படம். தலைப்பை மாற்றுவதைவிட இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பேன். உங்கள் கவரைக் கைப்பேசியில் பார்த்தேன். பட்டியலில் அது தபால்தலை அளவுக்குத்தான் தெரிகிறது. பாதி இடத்தை ஒட்டகச்சிவிங்கி எடுத்துக்கொண்டது. சுருள் சுருளான எழுத்தில் ஏதோ எழுதியிருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. உள்ளே அத்தனை அழகாக இருக்கும் பயிற்சித்தாள் வெளியே ஒரு மூலையில்கூடத் தெரியவில்லை. வாங்குகிறவர் பார்க்க விரும்புவது ஒட்டகச்சிவிங்கியை அல்ல, நாளைக்குத் தன் பிள்ளைகள் மேஜையில் இருக்கப்போகும் தாளை. அந்த மூன்றாம் பக்கத்தைப் பெரிதாக வைத்து, மேலே தடித்த நேர் எழுத்தில் ‘சப்ட்ராக்ஷன் வித் ரீகுரூப்பிங்’ என்று மட்டும் போடுங்கள். முடித்ததும் கணினியில் 25 சதவீதத்துக்குச் சுருக்கி, நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். படிக்க முடிகிறதா? முடிந்தால் சரி.

ப்ரிவ்யூவில் ஒரே ஒரு பக்கம், அதுவும் குறுக்கே பெரிய வாட்டர்மார்க்கோடு. திருடிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் மூன்று டாலர் என்றாலும் பார்க்காமல் யாரும் வாங்கமாட்டார்கள். நான்கைந்து பக்கம் காட்டுங்கள், விடைத்தாள் எப்படி இருக்கும் என்பதையும் காட்டுங்கள். வாட்டர்மார்க் மெலிசாக இருந்தால் போதும்.

இத்தனையும் ஒரே நாளில் 37 ப்ராடக்டுக்கும் செய்துவிடாதீர்கள். எது பலன் தந்தது என்று பிறகு தெரியாமல் போகும். ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். விற்பனையாளர் டாஷ்போர்டில் ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை விற்றது என்று இருக்கும். இன்றைய எண்ணைத் தேதியோடு நோட்டில் குறித்துவிட்டு மாற்றுங்கள், நான்கு வாரம் தொடாதீர்கள். பார்த்தவர்களே குறைவு என்றால் கோளாறு சொல்லிலோ கவரிலோ இருக்கிறது. நானூறு பேர் பார்த்து ஒருவர்கூட வாங்கவில்லை என்றால் ப்ரிவ்யூவையும் விலையையும் பாருங்கள். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு விலையைக் குறைத்துக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆளே வராத கடையில் விலை குறைத்து யாருக்குப் பயன்? ஏற்கெனவே விற்கிற ப்ராடக்ட் ஏதாவது இருந்தால் அதன் தலைப்பில் கை வைக்க வேண்டாம்.

தெரிந்தவர்களை வாங்கச் சொல்லி ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது, பிரபல பாடத்திட்ட நிறுவனங்களின் பெயரைத் தலைப்பில் சேர்ப்பது, இரண்டும் வேண்டாம். முதலாவது ஏமாற்று. இரண்டாவதில் டிரேட்மார்க் சிக்கல் வரும். மதிப்புரை வேண்டுமென்றால், வந்த கேள்விக்கு அன்றே பதில் சொல்லுங்கள், தவறு இருந்தால் திருத்தி ஏற்றுங்கள். திருத்திய கோப்பு ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, காலம். நியூ ஜெர்சியில் பள்ளி செப்டம்பரில் லேபர் டே ஒட்டித் திறக்கிறது, அதனால் ஆகஸ்ட் கடைசியில் ஏற்றினீர்கள். ஜார்ஜியா, டெக்சாஸ் பக்கம் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே மணி அடித்துவிடும். தளத்தின் பெரிய பேக் டு ஸ்கூல் தள்ளுபடி ஆகஸ்ட் தொடக்கத்தில் வருகிறது. நீங்கள் கடை திறந்தபோது பாதி நாடு வாங்கி முடித்திருந்தது. பள்ளியின் நூறாவது நாள் கொண்டாட்டமும் அப்படித்தான்: உங்களுக்கு பிப்ரவரி, தெற்கே பல பள்ளிகளுக்கு ஜனவரி. எதுவானாலும் ஆறு வாரம் முன்னால் லிஸ்டிங் தயாராக இருக்கட்டும். ஏப்ரல் 22 பூமி தினத்துக்கு என்றால் மார்ச் முதல் வாரமே ஏற்றிவிடுங்கள். படங்களைப் பகிரும் தளமான பின்டரஸ்ட்டில் படம் போடுவதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அங்கே ஒரு படம் பரவக் காலம் பிடிக்கும்.

ஸ்டோரின் கடைசியில் மூன்று தமிழ் எழுத்துப் பயிற்சிகள் இருந்தன. அவற்றைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி. அங்கே போட்டி மிகக் குறைவு, ஆனால் எழுத்துக்கூட்டல்தான் பிரச்சினை. ‘உயிர் எழுத்து’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘ழ’வுக்கு ஒருவர் இசட், எச் போடுகிறார், இன்னொருவர் எல் போடுகிறார். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரில் பலர் இரண்டையும் விட்டுவிட்டு ‘தமிழ் ஆல்ஃபபெட் டிரேசிங்’, ‘தமிழ் லெட்டர்ஸ் ஒர்க்ஷீட்’ என்றே அடிப்பார்கள். ஆகவே தலைப்பு அந்த ஆங்கிலச் சொற்களிலேயே இருக்கட்டும்; இரண்டு எழுத்துக்கூட்டலும், தமிழ் எழுத்திலேயே ‘உயிர் எழுத்துகள்’ என்பதும் விவரிப்பில் வரட்டும். தமிழ்ப் பள்ளிகளும் பெரும்பாலும் செப்டம்பரை ஒட்டித்தான் தொடங்குகின்றன, ஆசிரியர்கள் ஆகஸ்டிலேயே தேடுவார்கள். பொங்கலுக்கு ஒரு வண்ணமிடும் தொகுப்பு செய்யும் எண்ணம் இருந்தால் டிசம்பர் முதல் தேதிக்குள் ஏற்றிவிடுங்கள், விடுமுறைக்கு முன் பிரின்ட் எடுத்துவிடுவார்கள்.

நான்கு வாரம் கழித்து அந்த ஐந்து ப்ராடக்டின் எண்ணிக்கையை, முன்னும் பின்னுமாக, எனக்கு அனுப்புங்கள். கழித்தல் தொகுப்பின் புதுக் கவரையும் சேர்த்து அனுப்புங்கள்.