டீஜேக்களுக்குப் புதுப்புது டிராக் எங்கிருந்து கிடைக்கிறது?

டீஜேக்கள் எலக்ட்ரானிக் நடன இசையில் புது டிராக்கை, அதாவது புது இசைப் பதிவை, தேடி எடுப்பதற்கு 'டிக்கிங்' என்று பெயர். தோண்டுவது என்று அர்த்தம். இசைத்தட்டுக் கடைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிய காலத்து வார்த்தை.

நம்ம திருநெல்வேலி நயினார்குளம் காய்கறி மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல்காரர் விடியுமுன்னே போய்க் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து எடுப்பார், தெரிந்த வியாபாரி நல்ல சரக்கை அவருக்கென்று தனியே வைத்திருப்பார், நாம் எட்டு மணிக்குப் போனால் மிச்சம்தான். டீஜேக்கும் அப்படித்தான். 2004இல் தொடங்கிய பீட்போர்ட், அப்புறம் பேண்ட்கேம்ப், சவுண்ட்கிளவுட் மாதிரி இணைய இசைத் தளங்கள் எல்லாம் அவருடைய மார்க்கெட். ஒரு டிராக்கை முழுசாகக் கேட்பதில்லை, நடுவில் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவார். ஒரு ராத்திரி நூறு கேட்டால் நாலைந்து தேறும், அவ்வளவுதான்.

தெரிந்த வியாபாரி யார்? இசை வெளியிடும் சின்னச் சின்ன லேபிள்கள்தான். வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே டிராக்கை டீஜேக்களுக்கு இலவசமாக அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் ஆடும் கூட்டம் கேட்டால்தான் அந்த டிராக்குக்குப் பேர் வரும். இது புதுசும் இல்லை. நியூயார்க்கில் 1975லேயே டீஜேக்கள் சேர்ந்து 'ரெக்கார்ட் பூல்' ஆரம்பித்து, இசை நிறுவனங்களிடமிருந்து இசைத்தட்டுகளை இலவசமாகப் பெற்றுத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். மற்ற டீஜேக்களின் செட்டை, அதாவது அவர்கள் டிராக்குகளைத் தொடர்ச்சியாகக் கோத்துப் போடுவதை, உட்கார்ந்து கேட்பதும் பெரிய வழி.

ஒலிக்கும் பாட்டைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் ஷஸாம் செயலியைப் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் இன்னும் வெளிவராத டிராக் பெரும்பாலும் அதில் சிக்காது.