பேக் சீல் மாற்றியும் ஆயில் ஒழுகுகிறது: கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். 1998 மாடல் மாருதி ஆம்னி வைத்திருக்கிறேன். ஆர்.சி. புதுப்பித்து நானேதான் ஓட்டுகிறேன். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியது. ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். கீழே படுத்துப் பார்த்துவிட்டு "பேக் சீல் போச்சு" என்றார்கள் (இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்). கியர் பாக்ஸை இறக்கி, சீல் மாற்றி, கிளட்ச் செட்டும் புதிதாகப் போட்டு 14,500 ரூபாய் என்று, முறையான பில் இல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள், அதை இணைத்திருக்கிறேன். 9,000 கொடுத்துவிட்டு மீதிக்குத் தவணை கேட்டேன். ஒரே வாரத்தில் அதே இடத்தில் மறுபடி ஒழுக்கு. உச்சிப்புளியில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இன்ஜினைக் கழுவி, ஓடவிட்டுப் பார்த்து, "ஆயில் மேலே இருந்து இறங்குது. டேப்பட் கவர் பேக்கிங்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஓ ரிங்கும்தான் போயிருக்கு" என்று சொல்லி (இன்ஜின் மேல்மூடியின் பேக்கிங்கும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் பாகத்தின் ரப்பர் வளையமும்) போனில் படமும் எடுத்துக் கொடுத்தார். அதைக் காட்டி நியாயம் கேட்கப் பழைய ஒர்க் ஷாப்புக்கே வண்டியை எடுத்துப் போனேன். "கிராங்க் தேய்ந்திருக்கு, இன்னும் 8,000 ஆகும். அதையும் பழைய பாக்கி 5,500-ஐயும் வைத்தால்தான் வண்டி" என்கிறார்கள். என்னிடம் இன்னொரு சாவி இருக்கிறது. போய் எடுத்து வந்துவிடலாமா? கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் அந்தச் சாவியை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

சொந்த வண்டியை எடுப்பது எப்படித் திருட்டாகும் என்று நினைப்பீர்கள். ஆகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 303-வது பிரிவில் திருட்டுக்குத் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று உங்கள் கதையேதான், காருக்குப் பதில் கைக்கடிகாரம். பழுது பார்த்த கூலி பாக்கி இருக்கிறது, அதற்கு ஈடாகக் கடைக்காரர் கடிகாரத்தைச் சட்டப்படி வைத்திருக்கிறார், அந்த ஈடு அவருக்கு இல்லாமல் போகட்டும் என்று உரிமையாளரே அதை எடுத்தால் அது திருட்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 170-வது பிரிவு, உழைப்பும் திறமையும் போட்டுப் பொருளைச் சரிசெய்தவருக்குக் கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை நகர்த்தினால், நியாயம் கேட்க வேண்டிய நீங்கள் ஸ்டேஷனில் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு. செய்து முடித்த, நீங்கள் ஒப்புக்கொண்ட வேலைக்கான கூலிக்கு மட்டும்தான் அது. இனிமேல் செய்யப்போவதாகச் சொல்லும் 8,000 ரூபாய் வேலைக்காக வண்டியைப் பிடித்து வைக்க முடியாது. நிறுத்தி வைத்த நாளுக்கு வாடகை என்று நாளை ஒரு கணக்கு வந்தால், அப்படி முன்பே பேசியிருந்தாலொழிய அதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையே உருப்படியாக நடக்கவில்லை என்பதால் 5,500-க்கும் வண்டியைப் பிடிக்க முடியாது என்று வாதாடலாம்தான். வாதாடி முடிவதற்குள் உங்கள் வியாபாரம் படுத்துவிடும். அதனால் என் யோசனை, 5,500-ஐக் கட்டி வண்டியை எடுங்கள். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ அனுப்புங்கள். அதே நேரத்தில் வாட்ஸ்அப்பிலும் ஒரு தாளிலும், "வண்டியை மீட்பதற்காக, ஆட்சேபத்துடன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம்.

வண்டியை எடுக்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: கழற்றிய பழைய சீலும் பழைய கிளட்ச் பிளேட்டும். கேட்க எனக்குக் காரணம் இருக்கிறது. பேக் சீல் நிஜமாகவே ரொம்ப நாளாக ஒழுகியிருந்தால் பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) உள்பக்கம் ஆயிலாக இருந்திருக்கும், பிளேட்டிலும் பட்டிருக்கும். பிளேட் உலர்ந்து கிடந்தால், அவர்கள் சொன்ன நோய் அங்கே இல்லை என்பதற்கு அதுவே பாதிச் சாட்சி. பிளேட் ஆயிலில் ஊறியிருந்தால் நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள், சீல் மாற்றியது தேவையான வேலைதான். பழைய வண்டியில் மேலேயும் கீழேயும் ஒரே சமயத்தில் ஒழுகுவது சகஜம். அப்படியென்றால் உங்கள் வழக்கு சுருங்கிவிடும். பழைய சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்றால், அதையும் எழுத்தில் கேட்டதாகப் பதிவு இருக்கட்டும்.

இப்போது வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். சீல் மாற்றியும் ஒழுகுகிறது என்பது மட்டும் போதாது. சேவையில் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மெக்கானிக் நல்லெண்ணத்தோடு பார்த்து, ஒரு முறை தவறாகக் கணித்தார் என்றால் நுகர்வோர் ஆணையம் தயங்கும். பார்க்க வேண்டிய முறைப்படி பார்க்கவே இல்லை என்று காட்டினால் கதை வேறு.

உங்கள் மாடல் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர், ஹெட் எனும் இன்ஜின் மேல்பகுதியின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஓ ரிங் போனாலும், டேப்பட் கவர் பேக்கிங் போனாலும், ஆயில் இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி பெல் ஹவுசிங் மேல் படிந்து, அடியில் போய்ச் சொட்டும். பேக் சீல் போனாலும் சொட்டுவது அதே இடம்தான். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஓடும்போது காற்றும் ஆயிலைப் பின்னால் தள்ளும். நம் கடற்கரைச் சாலையில் பறக்கிற மணல் அந்த ஆயிலில் ஒட்டி அப்பிக்கொள்ளும், எங்கிருந்து ஆரம்பம் என்பதே தெரியாது. அதனால்தான் மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுக் கழுவி, துடைத்து, இன்ஜினை ஓடவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும் என்பது. சிலர் முகப் பவுடரைத் தூவி, எங்கே முதலில் ஈரக்கோடு விழுகிறது என்று பார்ப்பார்கள் (காற்றில்லாத ஷெட்டுக்குள் செய்தால்தான் பலிக்கும், பாம்பன் காற்றில் பவுடர் நிற்காது). சொட்டுவது இன்ஜின் ஆயிலா, காட்டமான வாடை அடிக்கிற கியர் ஆயிலா என்று மோந்தும் பார்ப்பார்கள். ப்ரீதர் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழி) அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, புது சீலையும் ஆயில் தாண்டும், அதையும் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாயில் முடிகிற மேல்வேலையைப் பார்க்காமல், நேரே கியர் பாக்ஸை இறக்கியதுதான் உங்கள் குற்றச்சாட்டாக இருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(11) பிரிவு, வேலையின் தரத்திலும் செய்த விதத்திலும் உள்ள குறையையும், கவனக்குறைவையும் குறைபாடு என்கிறது.

அப்புறம், "கிராங்க் தேய்ந்திருக்கு" என்ற பேச்சு. இது உங்களுக்குச் சாதகமானது! பழைய சீலின் உதடு பல வருஷம் உரசிய இடத்தில் கிராங்க் ஷாஃப்டில் ஒரு கோடு விழும். நகத்தை வைத்து இழுத்தால் நகம் தட்டும். முதல் முறை சீலைக் கழற்றிய அன்றே அது கண்முன் இருந்திருக்கும். ஒரு வாரத்தில் கிராங்க் தேயாது. அன்றே பார்த்தார்களா? பார்த்தும் சொல்லாமல் புது சீலைப் போட்டார்களா? நோட்டீஸில் இந்த இரண்டு கேள்வியையும் அப்படியே கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அவர்களுக்குச் சிக்கல்.

உச்சிப்புளி மெக்கானிக்கின் பிரமாணப் பத்திரம் வேண்டும். ஒரு தொழிலாளி இன்னொருவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தயங்குவார், அது இயல்பு. முதல் ஒர்க் ஷாப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். இன்ன தேதியில் கழுவினேன், ஓடவிட்டேன், இந்த இடத்தில் ஆயில் வந்தது என்று கண்டதை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே விசாரணை நடக்கும். படங்களை எடுத்த போனை மாற்றவோ, படங்களை அழிக்கவோ வேண்டாம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழையும் (மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக வைக்கத் தருவது) சேர்த்து வைப்பது நல்லது. பேக்கிங், ஓ ரிங் மாற்றும் முன், ஆயில் இறங்குவதைத் தேதி தெரிகிற மாதிரி வீடியோவும் எடுத்துவிடுங்கள். சரிசெய்த பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

சரி, எவ்வளவு கேட்பது? துண்டுச் சீட்டின்படி கூலி 6,500, கிளட்ச் செட் 4,200, சீல், ஆயில், சில்லறைச் சாமான் 3,800 என்று இருக்கிறது. கிளட்ச் செட்டுக்கான பணத்தைக் கேட்காதீர்கள். சம்மதித்துப் போட்டீர்கள், அதில்தான் ஓடப்போகிறீர்கள். மீதி 10,300, வண்டி நின்ற நாட்களின் நஷ்டம், மன உளைச்சல், செலவுத்தொகை, இவ்வளவு நியாயம். லட்சங்களில் கேட்டால் நம்பகத்தன்மைதான் கெடும். முறையான பில் தராததும் அதே சட்டத்தின் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறையாக வருகிறது. அதையும் ஒரு வரி சேருங்கள்.

ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதும் நல்லது, சில கடைக்காரர்கள் அதிலேயே இறங்கி வருவார்கள். அசையவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காலக்கெடு 2 ஆண்டு. இதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் பேசிப் பார்க்கவும் வழி உண்டு. பத்தாயிரம் ரூபாய்த் தகராறுக்கு எனக்கு அதுதான் அதிகம் பிடித்த வழி. அங்கே சமரசம் ஆனால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம்.

ஒரே ஒரு ஆட்சேபணையை எதிர்பார்த்து வையுங்கள்: "இவர் வியாபாரி, நுகர்வோரே இல்லை." நீங்களே ஓட்டி, நீங்களே விற்று, அதில் குடும்பம் நடத்துகிறீர்கள். வாங்கிய பொருளைச் சுயதொழிலில் பிழைப்புக்காகப் பயன்படுத்துபவரை வணிக நோக்கம் என்று சட்டம் ஒதுக்குவதில்லை, சேவைக்கும் இதையே வாதாடலாம். ஆனால் இதைப் புகாரின் முதல் பத்தியிலேயே வெளிப்படையாக எழுத வேண்டும், பிறகு வாய்மொழியாகச் சொன்னால் எடுபடாது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் கருவாடு ஏற்றியதையும் அவர்கள் கிளறலாம். அது ஆர்.டி.ஓ.வுக்கும் இன்சூரன்ஸுக்கும் உங்களுக்கும் உள்ள விவகாரம், சீல் வேலை சரியாக நடந்ததா என்பதற்கு விடை ஆகாது. இருந்தாலும் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, எந்த உபயோகத்துக்கு என்று போட்டிருக்கிறார்கள் என ஒரு முறை பார்த்துவிடுங்கள்.