300 லிங்க் வாங்கியும் உங்கள் தேக்கா (சிங்கப்பூர்) கேட்டரிங் தளம் கூகுள் தேடலில் மேலே நகரவில்லையா?

‘இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகுளுக்குச் சொல்லும் டிஸவாவ் ஃபைலை இப்போது அனுப்ப வேண்டாம். முதலில் சர்ச் கன்சோலில் (தள உரிமையாளர்களுக்கான கூகுள் கருவி) ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள்; கூகுள் ஊழியர்கள் நேரடியாக விதிக்கும் தண்டனை அங்கேதான் தெரியும். அங்கே எதுவும் இல்லையென்றால் கூகுள் உங்களை அப்படித் தண்டிக்கவில்லை. வாங்கிய 300 லிங்க்கையும் கணக்கிலேயே சேர்க்கவில்லை, பெரும்பாலும் அதுதான். 2016இல், போலி லிங்க்குகளைப் பிடிக்கும் பெங்குயின் என்ற கூகுள் நிரல் அதன் மூலத் தேடல் அல்காரிதத்தோடு சேர்ந்ததிலிருந்து மலிவு லிங்க்குகளின் கதி இதுதான். காசு போனது போனதுதான்.

அதே கன்சோலின் ‘லிங்க்ஸ்’ அறிக்கையில், உங்களுக்கு லிங்க் தரும் பத்துத் தளங்களைத் திறந்து பாருங்கள். சூதாட்டம், கடன், எடைக் குறைப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் கிடந்தால் அவை மலிவு லிங்க்குகள்தான், சந்தேகமே வேண்டாம்.

இனி நல்ல லிங்க்குக்கு, நீங்கள் சாப்பாடு போட்ட மண்டபம், கோயில், தமிழ் அமைப்பு இவற்றின் தளங்களில் உங்கள் கடைப் பெயர் லிங்க் இல்லாமல் கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடந்தால், லிங்க் சேர்க்கச் சொல்லி ஒரு வாட்ஸ்அப் போதும். கூடவே ‘200 பேருக்கு வாழையிலைச் சாப்பாடு: அரிசி எவ்வளவு, பரிமாற எத்தனை பேர்’ என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பகிர்வது அதைத்தான், உங்கள் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை அல்ல.

ஒன்று மட்டும் கவனம்: நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்துப் பெறும் லிங்க்கில் ‘ஸ்பான்சர்ட்’ குறி (பணம் கொடுத்த லிங்க் என்று கூகுளுக்குச் சொல்வது) இருக்க வேண்டும். மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தால் கதை வேறு, அந்தச் செய்தியை இங்கே போடுங்கள்.