கழற்றுவதற்காக உடுத்துங்கள்

வெயில் நாட்டிலிருந்து குளிர் நாடு ஒன்றுக்கு ஆகஸ்டில் வந்து இறங்கிய தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, வெளியே வியர்த்து ஊற்றுகிறது, கடைகளிலோ தடித்தடிக் கோட்டாக மாட்டியிருக்கிறார்கள். இங்கே சீசனுக்கு சீசன் ஃபேஷன் மாறும் என்கிறார்களே, ஒவ்வொன்றுக்கும் புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டுமா? ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்தேன், கண்ணாடியில் மூட்டை மாதிரி தெரிந்தேன். அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும். என்ன செய்யட்டும்?"

சரி, முதலில் அந்த ஆகஸ்ட் கோட் கதையை முடித்துவிடுகிறேன். நான்கு பருவம் உள்ள நாட்டில் இரண்டு காலண்டர் ஓடும். ஒன்று வானத்தினுடையது, மற்றது கடையினுடையது. நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் என்று வரிசையாக நடக்கும் ஃபேஷன் வாரங்களில், பிப்ரவரி, மார்ச்சில் காட்டுவது அந்த வருடத்து இலையுதிர்காலத்துக்கும் குளிர்காலத்துக்குமான உடைகள். செப்டம்பர், அக்டோபரில் காட்டுவது அடுத்த வருட வசந்தத்துக்கும் கோடைக்கும். கடைகள் அவ்வளவு தூரம் முன்னே ஓடுவதில்லை என்றாலும் ஒன்றிரண்டு மாதமாவது வானத்தை முந்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஆகஸ்டில் கோட். ஜனவரிக் கடைசியில் போய்ப் பாருங்கள், வெளியே பனி கொட்டும், உள்ளே பூப்போட்ட மெல்லிய சட்டைகள் தொங்கும். கோட்டுக்குத் தள்ளுபடி இருக்கும், உங்கள் சைஸ் இருக்காது. (இதெல்லாம் வடகோளக் கணக்கு. ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ இருப்பவர்கள் மாதங்களைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.)

அப்படியென்றால் ஆகஸ்டிலேயே ஓடிப்போய் வாங்கவேண்டுமா? வேண்டாம். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

நான் வந்தது 2008 கடைசியில். பான்டோன் என்று ஒரு வண்ண நிறுவனம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு நிறத்தை 'இந்த ஆண்டின் நிறம்' என்று அறிவிப்பது அவர்கள் வழக்கம். 2009-க்கு மிமோசா என்கிற மஞ்சள். பத்திரிகைகளில் எல்லாம் அதுதான் பேச்சு. நானும் ஒரு மஞ்சள் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். முதல் வாரம் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது வாரம் யாரோ என்னை 'அந்த மஞ்சள் கோட்' என்று அடையாளம் சொன்னது காதில் விழுந்தது. சாம்பல் நிறக் கோட்டை ஐந்து மாதம் தினமும் போடலாம், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். மஞ்சளை மூன்றாவது நாள் போட்டாலே 'மறுபடியுமா' என்ற பார்வை வரும். போதாததற்கு, தெருவில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுகிறார்களே, அந்தச் சேறு கோட்டின் கீழ்விளிம்பைப் பிப்ரவரிக்குள் சாம்பலாக்கிவிட்டது. அடுத்த வருட நிறம் டர்க்காய்ஸ் என்கிற பச்சை கலந்த நீலம். என் கோட்டுக்கு வயது ஒன்று, அதற்குள் பழசு.

அதிலிருந்து எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பெரியதும் விலை கூடியதும் டிரெண்டைச் சட்டை செய்யாததாக இருக்கட்டும். சிறியதும் மாற்ற எளிதானதும் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும். கோட், பூட்ஸ் முதல் வகை. ஸ்கார்ஃப், குல்லா, கையுறை, பை, டைட்ஸ் (இடுப்பிலிருந்து பாதம் வரை காலை ஒட்டிப் போடும் உறை) இரண்டாம் வகை. இந்த சீசனில் ஒயின் சிவப்புதான் என்றால் ஒயின் சிவப்பு ஸ்கார்ஃப் ஒன்று போதும். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

இப்போது உங்கள் மூட்டைப் பிரச்சினை. அது கோட்டின் தவறு இல்லை, நீங்கள் கோடை உடையின் மேல் அதைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அல்லது உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டுமே என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்திருப்பீர்கள். கோட் வாங்கப் போகும்போது உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரையும் கையில் கொண்டுபோங்கள். போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் கட்டிப்பாருங்கள். முதுகு இழுக்கக்கூடாது, அதே சமயம் தோள் தையல் தோளிலிருந்து வழியவும் கூடாது. தோளே விழும்படி தைத்த மாடலும் உண்டு, அது வேறு விஷயம். முதல் கோட்டாக அதை வாங்காதீர்கள். கை நீளம் மணிக்கட்டை மூடினால் போதும். உங்கள் உயரம் ஐந்தடி நான்கு அங்குலத்துக்குக் கீழே என்றால் 'பெட்டீட்' என்று எழுதிய வரிசையில் தேடுங்கள். அதில் உயரம் மட்டுமல்ல, கை நீளம், இடுப்பு விழும் இடம் எல்லாமே குறைத்துத் தைத்திருப்பார்கள். எனக்கு இது தெரியவே நான்கு வருடம் ஆனது. அதுவரை என் எல்லாக் கோட்டிலும் இடுப்புப் பட்டை இடுப்புக்குக் கீழேதான் நின்றது.

அடுத்து நான் சொல்வதுதான் எனக்கு முக்கியம். வெயில் நாட்டிலிருந்து வருகிற நாம் எல்லோரும் குளிருக்காக உடுத்துகிறோம். இங்கேயே வளர்ந்தவர்கள் கழற்றுவதற்காக உடுத்துகிறார்கள். வெளியே மைனஸ் ஐந்து என்றாலும் ஆபீஸுக்குள் இருபது, இருபத்திரண்டு டிகிரிதான். வெளியில் நடப்பது பத்து நிமிடம், உள்ளே இருப்பது எட்டு மணி நேரம். நான் முதல் குளிர்காலத்தில் உள்ளே தடித்த தெர்மல் உள்ளாடை, அதற்குமேல் தடித்த ஸ்வெட்டர், அதற்குமேல் கோட் என்று போனேன். கோட்டைக் கழற்றினேன். ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது, உள்ளே தெர்மல் மட்டும்தான். பகல் முழுக்க மீட்டிங்கில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலையில் அந்த வியர்வை ஈரத்தோடு வெளியே வந்தபோது குளிர் இரண்டு பங்காகத் தெரிந்தது.

ஆகவே ஒவ்வொரு அடுக்கும், மேலே இருப்பதைக் கழற்றிவிட்டாலும் தனியாக நிற்கக்கூடியதாக இருக்கவேண்டும். உடம்பை ஒட்டி மெல்லிய ஒன்று. அதற்குமேல் சட்டையோ பிளவுஸோ. அதற்குமேல் முன்பக்கம் திறக்கும் கார்டிகன் அல்லது பிளேசர். கடைசியில் கோட். தலைவழியே மாட்டும் ஸ்வெட்டர் அழகுதான், ஆனால் பொது இடத்தில் கழற்றினால் தலைமுடி கலையும். சூடேற்றிய அறையின் வறண்ட காற்றில் நிலைமின்சாரம் வேறு சேர்ந்து முடி குத்திட்டு நிற்கும். டிரெண்டை எங்கே காட்டுவது என்று கேட்டால், என் பதில் இந்த மூன்றாவது அடுக்கு. எட்டு மணி நேரம் நாலு பேர் பார்ப்பது அதைத்தான். கோட் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

துணி வகையில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நாம் பருத்தியில் வளர்ந்தவர்கள், அது வெயிலுக்குத் தங்கம். குளிரில் உடம்பை ஒட்டிப் போட்டால் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயாமல் குளிர வைக்கும். கம்பளி அப்படியில்லை, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. குத்துமே என்று பயப்படவேண்டாம். மெரினோ கம்பளியின் இழை நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, மென்மையாகவே இருக்கும். கோட்டுக்கும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 'கம்பளிக் கோட்' என்று மாட்டியிருப்பார்கள், உள்ளே கம்பளி கால்வாசிகூட இருக்காது. டைட்ஸ் அட்டையில் டெனியர் என்று ஓர் எண் இருக்கும், 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கு அது. 20 என்றால் தோல் தெரியும், 80-க்கு மேல் என்றால் தெரியாது, குளிருக்கும் தாங்கும். குட்டைப் பாவாடையைக் குளிர்காலத்திலும் விடாமல் போடுகிறவர்களின் ரகசியம் அதுதான்.

டிரெண்ட் மாறிக்கொண்டே இருக்கிறதே என்று மலைக்கிறீர்கள். பாதிக்கு மேல் அதே பழைய ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். இலையுதிர்காலம் வந்தால் ட்ரெஞ்ச் கோட் 'மீண்டும் வந்துவிட்டது' என்பார்கள். அது முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் இருந்த அதிகாரிகள் போட்டது, பெயரே அந்தக் குழியிலிருந்து வந்ததுதான். தோளில் இருக்கும் பட்டிகூட ராணுவ மிச்சம். நூறு வருடமாக அது எங்கும் போகவில்லை, அப்புறம் எப்படித் திரும்பி வரும்? வசந்தம் வந்தால் நீலமும் வெள்ளையுமாகக் குறுக்குக்கோடு போட்ட பனியன். பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளுக்கு அதை 1858-லேயே சீருடையாக்கிவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் பழுப்பு, பாசிப் பச்சை, கட்டம்போட்ட துணி, கார்டுராய். டிசம்பரில் வெல்வெட்டும் மினுமினுப்பும். ஏப்ரலில் வெளிர் நிறங்கள். கோடையில் வெள்ளையும் லினனும். இந்தச் சுற்று மாறுவதே இல்லை. மாறுவது உருவ அமைப்புதான்: பேன்ட் அகலமா ஒடுக்கமா, சட்டை தொளதொளப்பா பிடிப்பா, இடுப்பு மேலேயா கீழேயா. நிறத்துக்குப் பின்னால் ஓடாமல் இதை மட்டும் கவனித்தால் போதும், இதுவும் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் புரளும்.

நிறத்தில் ஒரு விஷயம் நான் யார் பேச்சையும் கேட்கமாட்டேன். ஒட்டகப் பழுப்பும் வெளிர் மணல் நிறமான பீஜும் இங்கே எல்லோருக்கும் பொருந்தும் என்பார்கள். என் மாநிறத்துக்குக் கழுத்தருகே பீஜ் வந்தால் முகம் களைத்துப்போகும். அதே பீஜ் பேன்டாக இருந்தால் ஒன்றும் செய்யாது. முகத்தருகே எனக்கு அடர்ந்த நிறங்கள்தான்: மரகதப் பச்சை, கடுகு, ஒயின் சிவப்பு, கோபால்ட் நீலம். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் ஒவ்வொன்றாகக் கழுத்தில் வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கடை விளக்கை நம்பவேண்டாம்.

அகலப் பேன்ட் இப்போது நன்றாக ஓடுகிறது. வாங்குங்கள், ஆனால் பனி உருகும் நாட்களில் தரையைத் தொடும் அகலப் பேன்ட் விளக்குத்திரி மாதிரி தண்ணீரை முழங்கால் வரை இழுக்கும். கணுக்கால் நீளத்தில் எடுத்து பூட்ஸோடு போடுங்கள். அழகான ஸ்வேட் பூட்ஸ், அதாவது சொரசொரப்புத் தோல் பூட்ஸ், அக்டோபரின் உலர்ந்த நாட்களுக்கு மட்டும்தான். தோல் பூட்ஸில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்தால், தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துணியால் துடையுங்கள். அன்றைக்கே துடைக்கவேண்டும்.

கோடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அதில் நீங்கள்தான் அனுபவசாலி. கொண்டுவந்த மெல்லிய உடைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றின்மேல் கார்டிகனும் கீழே டைட்ஸும் சேர்த்தால் செப்டம்பரும் மே மாதமும் ஓடிவிடும். கம்பளியை ஏப்ரலில் உள்ளே வைக்கும்போது துவைத்துவிட்டு வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு வியர்வைக் கறை பட்ட கம்பளியை அதிகம் விரும்பித் தின்னும். நான் ஒரு நல்ல ஸ்வெட்டரை அப்படித்தான் சல்லடையாகப் பெற்றுக்கொண்டேன்.

வேலையில் சேரும்போது செப்டம்பர்தானே, முதல் இரண்டு வாரம் கோட்டே வேண்டாம். ஒரு பிளேசரும் இரண்டு கார்டிகனும் வைத்து ஓட்டுங்கள். அதற்குள் ஆபீஸில் யார் எதைக் கழற்றி எங்கே மாட்டுகிறார்கள், உள்ளே எவ்வளவு சூடு என்று கண்ணால் பார்த்துவிடுவீர்கள். அப்புறம் செப்டம்பர் கடைசியில், எல்லா சைஸும் இருக்கும்போதே, சாம்பலோ கருநீலமோ முழங்கால் தொடும் கோட் ஒன்று எடுங்கள். நீங்கள் பார்த்த அந்தக் கோட் என்ன நிறம் என்று சொல்லவில்லையே? மஞ்சள் என்றால் எனக்கு ஒரு வரி எழுதிவிட்டு வாங்குங்கள்.