ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தைக் காட்டில் பார்த்துப் படமெடுக்க எங்கே, எப்போது போகலாம்? என்ன கேமரா வேண்டும்? ஆபத்து உண்டா?

அசாமில் காசிரங்கா. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை. அவசரக்காரர்களுக்கு இவ்வளவு போதும். நேரம் இருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

புலி பார்க்கப் போகிறவர்களுக்குக் கண்ணில் படுமா படாதா என்பதே கவலை. காண்டாமிருக விஷயத்தில் அந்தக் கவலை வேண்டாம். 2022 கணக்கெடுப்பில் காசிரங்காவில் மட்டும் 2,613 இருந்தன. உலகம் முழுக்கச் சேர்த்தாலே நாலாயிரத்தை ஒட்டித்தான் வரும். பூங்காவின் தெற்கு ஓரமாகப் போகும் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தினாலே தூரத்தில் இரண்டு மூன்று மேய்வது தெரியும். பார்ப்பது சுலபம், படம் எடுப்பதுதான் கஷ்டம். காரணம் புல்.

பூங்கா நவம்பர் வாக்கில் முழுதாகத் திறக்கும்போது அங்கே இருப்பது யானையே மறைந்துபோகும் உயரத்துப் புல். உள்ளே சரசரவென்று சத்தம் கேட்கும், சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு தெரியும், அவ்வளவுதான். குளிர்காலக் கடைசியில் வனத்துறையே பகுதி பகுதியாகப் புல்லை எரிப்பார்கள். கரிந்த தரையில் கொஞ்ச நாளில் இளம்புல் முளைக்கும். அதை மேய காண்டாமிருகங்கள் வெட்டவெளிக்கு வந்துவிடும். நான் பிப்ரவரி கடைசி என்று சொன்னது இதற்காகத்தான். டிசம்பர், ஜனவரி விடுமுறையில் போகிறவர்களுக்குப் புல்லோடு காலை மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா வெள்ளம், பூங்கா மூடியிருக்கும்.

சஃபாரி நடக்கும் பகுதிகளில் முக்கியமானவை கோஹோரா, பாகோரி, அகராதோலி. காண்டாமிருகத்துக்கு என் ஓட்டு பாகோரிக்கு. கோஹோராவிலும் நிறைய உண்டு, ஆனால் கூட்டம் அதிகம். ஒன்று சாலை ஓரம் வந்தால் பத்து ஜிப்சி (திறந்த சஃபாரி ஜீப்) வரிசை கட்டிவிடும். அகராதோலி பறவைக்காரர்களுக்கு. யானைச் சவாரியில் இன்னும் கிட்டே போகலாம் என்பார்கள். கிட்டே போவது உண்மை, ஆனால் யானை ஆடுகிற ஆட்டத்தில் பத்துக்கு எட்டுப் படம் கலங்கித்தான் வரும். யானை முதுகில் ஏறுவதே எனக்கு உவப்பில்லை என்பது வேறு விஷயம்.

பிற்பகல் சஃபாரியை விடாதீர்கள். நம் கடிகாரமே அங்கும் ஓடினாலும் சூரியன் சீக்கிரம் போய்விடும். டிசம்பரில் நாலரை மணிக்கு அஸ்தமனம். மூன்று மணிக்கே வெளிச்சம் சாய்ந்து, தோல் மடிப்புகளும் தோளிலும் பின்தொடையிலும் உள்ள குமிழ்களும் தனித்தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே மிருகம் வெறும் சேற்றுப் பாறைதான்.

கேமராவைப் பொறுத்தவரை 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று இருந்தால் தாராளம். ட்ரைபாட் ஜிப்சிக்குள் வெறும் சுமை. அரிசியோ பயறோ நிரப்பிய சின்னப் பை ஒன்றைக் கம்பியின் மேல் போட்டு லென்ஸை வையுங்கள். எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த அதிர்வு படத்தில் தெரியும். ஆட்டோஃபோகஸை ஒற்றைப் புள்ளிக்கு மாற்றாவிட்டால் முன்னால் நிற்கும் புல்லைத்தான் அது பிடிக்கும். சேற்றில் ஊறிய கருந்தோல், அதன் மேல் வெள்ளைக் கொக்கு என்றால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) கொஞ்சம் குறையுங்கள். மூடுபனியில் என்றால் கூட்டுங்கள். எல்லாரும் மேல்கூரை வழியாக எழுந்து நின்று எடுப்பார்கள். நீங்கள் உட்காருங்கள். அதன் கண் இருக்கும் உயரத்துக்கு உங்கள் லென்ஸும் இறங்கினால்தான் அந்தக் கனம் படத்தில் வரும்.

ஒரு பிற்பகல் பாகோரியில் ஓட்டுநர் ஒரு சாணக் குவியல் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். காண்டாமிருகங்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் சாணம் போடும், பல மிருகங்களுக்கு அது பொது இடம். (கள்ள வேட்டைக்காரர்களுக்கும் இது தெரியும் என்பதுதான் கொடுமை.) மேலாகக் கிடந்தது இன்னும் ஈரமாக இருந்தது. கால்மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு புல் விலகி ஒரு தாய் வந்தது, பின்னாலேயே கொம்பு முளைக்காத குட்டி. தாயின் காதுகள் இரண்டும் இரண்டு திசையில் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. நான் பையின் ஜிப்பைத் திறந்தேன். இரண்டு காதும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின, தலை உயர்ந்தது, மூக்கிலிருந்து ஒரு சீறல். "அண்ணா, அசையாதீங்க" என்று இந்தியில் சொன்ன ஓட்டுநரின் கை சாவியில் இருந்தது. காண்டாமிருகத்துக்குப் பார்வை மட்டு. காதும் மூக்கும்தான் எல்லாம். ஒரு நிமிஷம் போல அப்படியே நின்றுவிட்டுக் குட்டியோடு சாலையைக் கடந்து போனது. அன்றைக்கு உருப்படியான படம் அந்தக் காதுகள் திரும்பிய தருணம்தான்.

ஆபத்து உண்டா என்றால், உண்டு. இரண்டு டன்னுக்கு மேலும் கனக்கும் மிருகம், மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். தாக்கும்போது ஆப்பிரிக்கக் காண்டாமிருகம் மாதிரி கொம்பால் குத்துவதைவிடக் கீழ்த்தாடையின் கூர்மையான வெட்டுப்பற்களால் கிழிப்பதே வழக்கம். ஆண்களின் பின்பக்கத்தில் நீங்கள் படமெடுக்கும் தழும்புகள் பெரும்பாலும் அப்படி வந்தவை. 2023 பிப்ரவரியில் மேற்கு வங்காளத்தின் ஜல்தாபாராவில் இரண்டு காண்டாமிருகங்கள் பாய்ந்து வர, பின்னோக்கி ஓட்டிய ஜீப் பாதையை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. 2025 ஜனவரியில் பாகோரியில் ஒரு தாயும் மகளும் ஓடும் ஜீப்பிலிருந்து காண்டாமிருகத்தின் கிட்டேயே விழுந்து தப்பினார்கள். காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதனால் முன்னால் போய் வளைத்து நிறுத்தச் சொல்லி ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். வண்டி நகரும்போது உட்காருங்கள், கம்பியைப் பிடியுங்கள்.

குவஹாத்தி வரை வேலையாகப் போய் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பொபிதோரா போங்கள். ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சின்னச் சரணாலயம், ஆனால் 2022 கணக்கில் 107 காண்டாமிருகங்கள். மாடுகளும் பக்கத்திலேயே மேயும், பின்னணியில் ஊர் தெரியும் என்பதால் சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அந்தப் படங்கள்தான் உண்மையானவையாகத் தோன்றுகின்றன.

நடந்து போய்ப் பார்க்க ஆசை என்றால் நேபாளத்தின் சித்வன். 2021 கணக்கில் அங்கே 694. வழிகாட்டியின் கையில் ஒரு கழிதான் இருக்கும். புறப்படும் முன் பாடம் எடுப்பார்: துரத்தினால் மரத்தில் ஏறு, மரம் இல்லாவிட்டால் வளைந்து வளைந்து ஓடு. பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு இரண்டையுமே செய்ய முடியாது, அதை விடுதியிலேயே வைத்துவிட்டுச் சின்ன கேமராவோடு போங்கள்.