மாசம் ஒரு பிளாக்னு (துண்டுத் துணிகள சேத்துத் தைக்கிற ஒரு கட்டம்) 12 மாசம் க்வில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) தைக்கப் போறேன், தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கேன், துணியும் கலரும் எப்படி எடுக்கிறது?

அக்கா, முதல்ல பின்னணித் துணிய 12 மாசத்துக்கும் சேத்து ஒரே தடவைல வாங்கிடுங்க, அடுத்த தடவ அதே வெள்ளை கேட்டாலும் சாயம் கொஞ்சம் மாறித்தான் வரும், பக்கத்துல வச்சா பளிச்னு தெரியும். மத்த கலரெல்லாம் மாசாமாசம் எடுத்துக்கலாம்.

நம்ம ஊர்ல இருந்துட்டு ஷ்வேஷ்வே (தென்னாப்பிரிக்காவோட அச்சுப் பருத்தித் துணி) விட்டா எப்படி! நீலம், சாக்லேட் பிரவுன், சிவப்பு, மூணும் சேந்தாலே போதும், நல்ல காட்டன். ஆனா புதுசுல கஞ்சி போட்டு அட்டை மாதிரி இருக்கும், நாக்குல வச்சா உப்புக் கரிக்கும் (சிரிக்காதீங்க, ஒரிஜினலான்னு பாட்டிங்க அப்படித்தான் பாப்பாங்க), தண்ணில போட்டா சுருங்கும், அதனால வெட்டுறதுக்கு முன்னாடி துவைச்சு அயர்ன் பண்ணிடுங்க. அகலமும் 90 சென்டிமீட்டர்தான், சாதா க்வில்ட் காட்டன் 110 கிட்ட இருக்கும், அந்தக் கணக்குல வாங்குனா பத்தாது.

கலரவிட எந்தத் துணி வெளிர், எது அடர்ங்கிற வித்தியாசம்தான் முக்கியம். துணிகள வரிசையா வச்சு போன்ல கருப்பு வெள்ளையா ஒரு போட்டோ எடுங்க, எல்லாம் ஒரே சாம்பலா தெரிஞ்சா டிசைன் மறைஞ்சிடும், ஒண்ண மாத்துங்க. பழைய பட்டுச் சேலைய மட்டும் இதுல கலக்காதீங்க, வழுக்கும், காட்டனோட ஒத்து வராது.