ஐடியில் புள்ளி, கோலன், அடைப்புக்குறி: கேள்வி பதில்

கே: வலைப்பக்கத்தில் ஓர் எலிமென்டின் ஐடி (தனிப்பெயர்) 'பில்.தொகை'. எலிமென்டைத் தேடித் தரும் ஜாவாஸ்கிரிப்டின் குவெரிசெலக்டரில் '#பில்.தொகை' கொடுத்தால் 'நல்' (ஒன்றும் கிடைக்கவில்லை) வருகிறது. பிழைச் செய்தியும் இல்லை!

ப: பிழை வராததுதான் வில்லங்கம். செலக்டர், அதாவது எலிமென்டைச் சுட்டும் சிஎஸ்எஸ் குறியீடு, # போட்டதை ஐடி என்றும் புள்ளிக்குப் பின் வருவதை கிளாஸ் (வகைப்பெயர்) என்றும் எடுத்துக்கொள்ளும். ஐடி 'பில்', கிளாஸ் 'தொகை' உள்ள எலிமென்டைத் தேடிவிட்டுக் கையை விரிக்கும். இலக்கணப்படி சரியான செலக்டர், அதனால் புகார் சொல்லாது. புள்ளிக்கு முன் பின்சாய்கோடு (\) போட்டு அதைச் சாதாரண எழுத்தாக்குங்கள்; இதுதான் எஸ்கேப். ஸ்டைல்ஷீட்டில் ஒன்று: #பில்\.தொகை. ஜாவாஸ்கிரிப்ட் மேற்கோளுக்குள் இரண்டு: '#பில்\\.தொகை'. ஒன்றை ஜாவாஸ்கிரிப்டே விழுங்கிவிடும். ஐடியை மட்டும் தேடுவதானால் கெட்எலிமென்ட்பைஐடி போதும். அதற்குப் பெயரை உள்ளபடியே கொடுக்கலாம், சாய்கோடு கூடாது.

கே: 'படிவம்:பெயர்' என்று கோலன் இருந்தால்?

ப: அதே மருந்து. இங்கே பிழையாவது வரும். கோலனுக்குப் பின் வருவது ஸூடோ கிளாஸ் (எலிமென்டின் நிலையைச் சொல்லும் பெயர்) என்று எடுக்கப்படும், 'பெயர்' என்று அப்படியொன்று கிடையாதே.

கே: ஐடி சர்வரிலிருந்து வருகிறது. என்ன குறி இருக்கும் என்று தெரியாது. குறிகளுக்கு முன் சாய்கோடு சேர்க்க ரீபிளேஸ் எழுதி வைத்திருக்கிறேன்.

ப: தூக்கிப் போடுங்கள். '2அ' என்று எண்ணில் தொடங்கும் ஐடி வந்தால் அது கவிழும். \2 என்றால் 2 அல்ல, ஓர் எழுத்தின் பதினறும குறியெண்ணாகப் படிக்கப்படும். #\32 அ என்று இடைவெளியோடு எழுத வேண்டும். 2-இன் குறியெண் பதினறுமத்தில் 32. இந்த வம்பெல்லாம் உலாவியிலேயே உள்ள சிஎஸ்எஸ்.எஸ்கேப் என்ற ஃபங்ஷன் பார்த்துக்கொள்ளும். ஐடியை மட்டும் அதற்குள் கொடுங்கள். முழு செலக்டரையும் திணித்தால் # குறியும் எஸ்கேப் ஆகிவிடும். ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் என்றால் 3.0 முதல் எஸ்கேப்செலக்டர் உண்டு.

கே: 'வரிசை[0]'?

ப: இரண்டு அடைப்புக்குறிக்கும் சாய்கோடு. ஜாவாஸ்கிரிப்டில் இரட்டை, மறக்காதீர்கள்.

கே: எதற்கு இத்தனை சாய்கோடு? [ஐடி="பில்.தொகை"] என்று எழுதினால் முடிந்ததே!

ப: தேடுவதற்குச் சரி. ஸ்டைல் எழுதும்போது கவனம்: ஐடியின் எடை (விதிகள் மோதினால் எது வெல்லும் என்ற கணக்கு) போய் ஒரு கிளாஸின் எடைதான் மிஞ்சும்.

கே: தமிழில் ஐடி வைப்பதே தப்பு. அதைச் சொல்லாமல் சாய்கோட்டை அலசுகிறீர்களே?

ப: யார் சொன்னது? எச்டிஎம்எல் கேட்பது ஐடி காலியாக இருக்கக் கூடாது, இடைவெளி கூடாது, பக்கத்தில் இன்னொன்று அதே பெயரில் கூடாது, அவ்வளவே. சிஎஸ்எஸ்ஸிலும் தமிழ் எழுத்துக்கு எஸ்கேப் தேவையில்லை.

கே: பிறகு ஏன் எனக்குச் சில ஐடி சிக்குவதில்லை? ஒரு புள்ளிகூட இல்லை.

ப: 'தொகை' மாதிரி ஒகரக் குறி இருக்கிறதா? அது ஒரே யூனிகோட் குறியாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான். உலாவி இரண்டையும் வேறாகவே பார்க்கும். ஐடியை உருவாக்கும் இடத்திலும் தேடும் இடத்திலும் நார்மலைஸ் செய்து ஒரே வடிவமாக்குங்கள். தமிழில் ஐடி வேண்டாம் என்பவர் இதைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

கே: ஐடிக்குள் புள்ளி இருந்தால் என்ன செய்வது?

ப: முதல் பதில்.